நாங்கள் எரிக்காத கரண்ட்

ஒவ்வொரு மாதமும் கரண்ட் காசு கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் வரும். வீட்டுக்காரர் பரமலிங்கம் ஐயா தாளை மடித்துச் சமைக்கிற குசினி யன்னல் கம்பிக்குள் செருகிவிட்டுப் போவார். கதவைத் தட்ட மாட்டார். தட்டினால் நாங்கள் ஏதாவது கேட்கக்கூடும். தாளில் 'கரண்ட்' என்று ஒரு தொகை, அதற்குக் கீழே 'வளவு துப்புரவு' என்று இன்னொரு தொகை. எத்தனை யூனிற், ஒரு யூனிற் என்ன விலை, ஒன்றும் இருக்காது. வீட்டைச் சுற்றியுள்ள வளவைத் தினமும் கூட்டுவது என் அக்கா ஸ்ரெல்லா. அதற்கும் அவளே காசு கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதத் தாளைப் பிரித்தவுடன் அக்கா மெசினை நிறுத்தினாள். யாருடையதோ சேலைச் சட்டையின் கை, ஊசிக்கடியில் பாதியில் நின்றது.

"வாடகையிலை பாதி வந்திட்டுது," என்றாள்.

"கேப்பம்."

"என்னத்தைக் கேக்கிறது? உன்ரை தம்பி ஜெரிசன் இரவு வேலை செய்துபோட்டுப் பகல் முழுக்க ஃபான் போட்டுப் படுக்கிறான் எண்டுவார்."

"நான் வேலையை விட்டு எவ்வளவு காலம். இப்ப இரவிலைதான் படுக்கிறன்."

"அதையும் போய்ச் சொல்லு. வேலையில்லாதவனுக்கு வீடு தந்தனான் எண்டு அதுக்கும் ஒரு தொகை போட்டு அனுப்புவார்."

நாங்கள் குருநகர் ஆட்கள். அங்கே எங்கள் வீட்டுக்குள் மூன்று குடும்பம். அக்காவின் இரண்டு மெசின்களுக்கும் இடமில்லை. தைக்கக் கொடுக்கிறவர்களும் கொக்குவில், நல்லூர்ப் பக்கத்துப் பெண்கள்தான். அதனால் கொக்குவிலில் இந்த வளவின் பின்வீட்டை வாடகைக்கு எடுத்தாள். முன்வீட்டில் பரமலிங்கம் ஐயாவும் மனைவி கனகாம்பிகை அம்மாவும். அக்காவின் புருசன், என் அத்தான், கட்டாரில் வேலை. தொலைபேசி ஒழுங்காக வரும், காசு ஒழுங்காக வராது. நான் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, சலித்து, விட்டுவிட்டு, அவளுடைய சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு, வேதக்காரருக்கு, சைவ வளவில் வீடு கிடைப்பது சுலபமில்லை. போன இடமெல்லாம் மச்சம், மீன் இறைச்சி சமைப்பீர்களா என்று கேட்டுவிட்டுக் கேற்றைச் சாத்தினார்கள். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர்த்தால் போதும் என்று பரமலிங்கம் ஐயா மட்டும் சொன்னார். அக்கா அதை மறக்கவில்லை. அதனால்தான் தாளில் என்ன தொகை வந்தாலும் கட்டினாள்.

இந்த முறை கட்ட முடியாது. காசு இல்லாமல் இல்லை. நூலும் லைனிங் துணியும் வாங்க வைத்த காசு இருந்தது. நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டில், கதிரை, மேசை எல்லாம் தைக்க வந்த துணி. அந்தக் காசைக் கொடுத்தால் தைக்க முடியாது. கொடுக்காவிட்டால் தைப்பதற்கு வீடு இருக்காது. நல்லூர்த் திருவிழாவில் உழைப்பதை வைத்துத்தான் அவள் வருடத்தின் மீதியைக் கடத்துகிறாள்.

நான் தாளை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். பரமலிங்கம் ஐயா விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மின்சார சபைப் பில்லை ஒருக்காப் பாக்கலாமோ?"

"ஏன்?"

"எங்கடை பங்கு எப்பிடி வருது எண்டு பாக்கத்தான்."

"நான் அரசாங்கக் கச்சேரியிலை கணக்குப் பாத்துப் பென்சன் எடுத்தவன், தம்பி."

"அதுதான் ஐயா, எனக்கும் விளங்கப்படுத்துவியள் எண்டு வந்தனான்."

உள்ளேயிருந்து கனகாம்பிகை அம்மா சிரித்தது கேட்டது. அவர் பேப்பரை மடித்துவிட்டுப் பில்லை எடுத்து வந்தார். முழு வளவுக்கும் மின்சார சபையின் மீற்றர் ஒன்றுதான். பின்வீட்டுச் சுவரில் இருப்பது அவர் பொருத்திய சின்ன மீற்றர். முழு யூனிற்றில் சின்ன மீற்றரின் யூனிற்றைக் கழித்தால் முன்வீட்டுக் கணக்கு. அதுவரை சரி. ஆனால் மின்சார சபையில் யூனிற் கூடக்கூட விலையும் படிப்படியாகக் கூடும். எங்களுக்குப் போட்டிருந்தது முழுக்க உச்சப்படி விலை.

"குறைஞ்ச விலை யூனிற் எல்லாம் எங்கை, ஐயா?"

"அது எங்கடை. முதல் ஓடுற யூனிற் எங்கடை. அதுக்கு மேலாலை போறதுதான் உங்கடை."

"அதெப்பிடி முதல் ஓடுறது உங்கடை?"

"நாங்கள்தானே முதல் இருந்தனாங்கள்."

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். பேருந்தில் இடம் பிடித்தது போல.

சின்ன மீற்றரின் போன மாத இலக்கத்தையும் இந்த மாத இலக்கத்தையும் கேட்டு நானே கழித்துப் பார்த்தேன். கழித்தலில் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்களிடம் இரண்டு மெசின், ஒரு அயன்பொக்ஸ், ஃபான், சில பல்ப். ஃபிறிஜ் கூட இல்லை.

"இந்தச் சாமானுக்கு இவ்வளவு ஓடாது, ஐயா."

"மீற்றர் பொய் சொல்லாது. உன்ரை அக்காவின்ரை மெசின் விடியத் தொடங்கினா நிக்குதே?" அவர் பில்லை வாங்கிக்கொண்டார். "தம்பி, நான் நேரைச் சொல்லுறன். கனடாவிலை இருந்து மச்சாள் குடும்பம் நல்லூருக்கு வருகினம். பின்வீட்டைக் கேக்கினம். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. இந்தக் கிழமைக்குள்ளை கட்டினா நீங்கள் இருங்கோ. இல்லாட்டி அட்வான்ஸிலை கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தாறன்."

அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். முதல் முறை நுழையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயப் பூசைக்குப் போயிருந்தாள். நான் வீட்டின் மெயின் பிறேக்கரை இறக்கிவிட்டு வெளியே வந்து மீற்றரைப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் மீற்றரின் சின்னச் சிவப்பு லைற் சிமிட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் ஓட ஓடத்தான் அது சிமிட்டும். அவசரமாகச் சிமிட்டியது.

மீற்றருக்குக் கீழே ஒரு சுவிச். அதன்மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுவிச்சிலிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கியது. அது போன திசையில் நடந்தேன். வளவின் மூலையில் வைரவர் கோயில். நாலு தூண், தகரக் கூரை, ஒரு சூலம். சூலத்துக்கு மேலே இரவு பகலாக எரியும் ஒரு சின்னச் சிவப்பு பல்ப். நாங்கள் வந்த நாளிலிருந்து அது எரிகிறது. அது யாருடைய மீற்றரில் எரிகிறது என்று யோசிக்க எங்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

பல்ப்புக்குக் கீழே ஒரு பிளக். அதிலிருந்து ஒரு வயர் செவ்வரத்தைச் செடிக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு மோட்டர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. குழாய் பூக்கன்றுகளைத் தாண்டி வேலி வரைக்கும் போனது. வேலியோரம் முழுக்க வாழை. வைரவருக்கு அவ்வளவு குலை தேவையில்லை.

நான் திரும்பி வந்து, மண்கூட்டைச் சுரண்டிவிட்டு, சுவிச்சை நூத்தேன். மோட்டர் நின்றது, பல்ப்பும் அணைந்தது.

"இஞ்சை, தண்ணி நிண்டிட்டுது!" என்று வாழைப் பக்கமிருந்து கனகாம்பிகை அம்மாவின் குரல் வந்தது. பிறகு அவரே வந்தார். வைரவரைப் பார்த்தார். வாயில் கையை வைத்தார். பிறகு மண் ஒட்டிய கையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீயோ நூத்தனி?"

"ஓம் அம்மா. இது எங்கடை கரண்ட்."

"சாமியின்ரை லைற்றோ உங்கடை கரண்ட்?"

பக்கத்து வீட்டு வசந்தினி அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். அவர் அக்காவிடம் தைப்பிக்கிறவர். "என்னணை சத்தம்?"

"வேதக்காரப் பெடியன் வைரவரின்ரை லைற்றை நூத்துப்போட்டான்!"

"ஐயோ, என்ரை சட்டை எல்லாம் அங்கைதானே கிடக்கு," என்றார் வசந்தினி அக்கா.

கேற்றுக்கு வெளியே, ஒழுங்கையில் இரண்டு சைக்கிள் நின்றது. பரமலிங்கம் ஐயா சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"வெள்ளிக்கிழமை மச்சம் வேண்டாமெண்டு சொன்னதுக்கே இந்த வேலை? இண்டைக்கே சாமானைக் கட்டுங்கோ!"

"கட்டுறம். முதல் மீற்றரை வந்து பாருங்கோ."

"நான் ஏன் பாக்கவேணும்?"

"அப்ப இணக்கசபையிலை வழக்கு வைச்சுப் பாப்பம்."

"போடா. போய் வைரவருக்கு எதிரா வழக்கு வை!"

ஒழுங்கையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் இன்னொரு நாளென்றால் சிரிப்பு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றுக்குள் வந்தாள். தலையில் போட்ட பூசை முக்காடு கழுத்தில் கிடந்தது. விசயம் ஒழுங்கை முனையிலேயே அவளுக்கு எட்டியிருந்தது. நேரே போய்ச் சுவிச்சைப் போட்டாள். வைரவருக்கு வெளிச்சம் வந்தது. மோட்டரும் உறுமத் தொடங்கியது.

"விசரா," என்றாள் எனக்கு. "லைற்றிலையே கை வைக்கிறது?"

பிறகு பரமலிங்கம் ஐயாவிடம் திரும்பினாள்.

"ஐயா, லைற் எரியுது. இனி ஒருக்கா வந்து மீற்றரைப் பாருங்கோ. பாத்தாப் பிறகு போகச் சொன்னா நாங்கள் போறம்."

இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. வந்து நின்றார். பிறேக்கரை இறக்கியதையும் மோட்டர் பிளக்கையும் நான் அக்காவின் காதில் சொன்னேன்; அவள் அவரை உள்ளே கூப்பிட்டு, பிறேக்கரைக் காட்டி, திரும்ப மீற்றருக்கு முன்னால் கூட்டி வந்தாள்.

"எங்கடை வீடு முழுக்க நூத்துக் கிடக்கு. மீற்றர் சிமிட்டுது. சரியோ?"

"சரி."

"கனகாம்பிகை அம்மா, அந்த மோட்டரின்ரை பிளக்கை மட்டும் ஒருக்காக் கழட்டுறியளே? வைரவரைத் தொடவேண்டாம்."

கனகாம்பிகை அம்மா கணவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். மோட்டர் நின்றது. மீற்றரின் சிவப்பு லைற் ஒருமுறை சிமிட்டிவிட்டு அடங்கியது. நாங்கள் எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தோம். அது வரவில்லை. பரமலிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டார். வசந்தினி அக்காவுக்குக் கழுத்து நோ வந்து, ஏதோ ஒன்றின்மேல் ஏறி நின்றார். வெயில் சுட்டது. கடைசியில் ஒருமுறை சிமிட்டியது.

"அங்கை, அங்கை!" என்றார் வசந்தினி அக்கா.

"இதுதான் வைரவரின்ரை கரண்ட், ஐயா," என்றாள் அக்கா. "மற்றதெல்லாம் வாழையின்ரை."

பரமலிங்கம் ஐயா தொலைபேசியை எடுத்து, வயர் வேலை செய்யும் பார்த்தீபனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டது தற்செயலா, தன்னில் பிழை இல்லை என்று எல்லோருக்கும் காட்டவா என்று எனக்குத் தெரியாது.

"பின்வீட்டு மீற்றரிலை இருந்து வைரவருக்கு வயர் இழுத்தது ஆர்?"

"நான்தான் ஐயா. வைரவர் பொங்கலுக்கு. ரெண்டு நாளைக்கு எண்டுதானே சொன்னனியள்."

"பிறகேன் கழட்டேல்லை?"

"கழட்ட வந்தனான். ஏத்தின லைற்றை நூக்கக்கூடாது எண்டு அம்மாதான் விடேல்லை. வடையும் தேத்தண்ணியும் தந்து அனுப்பிவிட்டவ. ஏனய்யா, ஷோட் ஆகிப்போச்சோ?"

"இல்லை. வை."

அந்தப் பொங்கலின்போது பின்வீடு வெறுமையாகக் கிடந்ததாம். அப்போது எந்த மீற்றரில் ஓடினாலும் கட்டுகிறவர் ஒருவர்தான். பிறகு நாங்கள் குடிவந்தோம். லைற்றை நூக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அது எங்கே இருந்து எரிகிறது என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"சாமிக்குப் பூக்கண்டுதானே எண்டு மோட்டரைக் கொழுவினனான்," என்றார் கனகாம்பிகை அம்மா. "வாழை பிறகுதான் வைச்சது."

பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் தொகை குறைந்ததும், வெயில் ஏற ஏற அது ஏறியதும் அவர் கண்ணில் பட்டிருக்காது. தொகை அவர் கையால் போகவில்லை.

பின்னேரம் பரமலிங்கம் ஐயா வந்தார். கதவைத் தட்டினார். அக்கா ஒரு கதிரையிலிருந்த துணியை அள்ளிவிட்டு அவரை இருக்கச் சொன்னாள்.

"இந்த மாதக் காசு வேண்டாம்," என்றார்.

"முந்தின மாதங்கள்?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஸ்ரெல்லா, முந்தினதெல்லாம் தேடப் போனால் முடியாது."

"ஏன் முடியாது? மழை மாதக் கணக்கையும் வெயில் மாதக் கணக்கையும் வைச்சுப் பாத்தா விளங்கும். இணக்கசபையிலை குடுத்தா..."

"நீ கொஞ்சம் வாயைப் பொத்து," என்றாள் அக்கா. "ஐயா, முந்தினதை விடுவம். இனி நடக்கிறதைப் பேசுவம். மோட்டர் உங்கடை மீற்றருக்குப் போகவேணும். நாளைக்கே."

"சரி."

"லைற் கிடக்கட்டும். அது எங்கடை மீற்றரிலை எரியட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும்தான்.

"பில் வந்த உடனை மீற்றரை நீங்களும் நானும் சேர்ந்து பாக்கவேணும். மின்சார சபைப் பில் கையிலை இருக்கவேணும். முழுக்காசை முழு யூனிற்றாலை பிரிச்சு, எல்லாருக்கும் ஒரே விலை. முதல் யூனிற், பிந்தின யூனிற் எண்ட கதை வேண்டாம். வளவு கூட்டுறது நான். அதுக்குக் காசு கேக்கப்படாது."

"கச்சேரியிலை கூட என்னை இப்பிடிக் கேள்வி கேட்டதில்லை," என்றார் அவர். முகத்தில் கோபம் இல்லை, களைப்பு மட்டும். "சரி பிள்ளை. உந்தத் தம்பியை மட்டும் இணக்கசபை எண்டு ஒழுங்கையிலை கதைக்க வேண்டாமெண்டு சொல்லு. அங்கை இருக்கிறவையைக் கனபேரை எனக்குத் தெரியும்."

"தெரியிறதாலைதானே ஐயாவுக்குப் பயம்," என்றேன்.

அவர் போன பிறகு நான் அக்காவோடு சண்டை பிடித்தேன். கொள்ளையாகப் போன காசையும் விட்டாய், லைற்றையும் தலையில் தூக்கி வைத்தாய், பிறகு என்ன வெற்றி என்று கேட்டேன்.

"அந்த பல்ப் என்ன எரியும்? மாதத்துக்கு ஒரு நூல்கட்டைக் காசு வராது. அதைக் கழட்டச் சொன்னா வசந்தினி நாளைக்கே வந்து சட்டையைத் திருப்பி வாங்குவாள். அவளுக்குப் பின்னாலை ஒழுங்கையே வரும். இணக்கசபையிலை நாங்கள் வெண்டாலும் நல்லூர் உழைப்பு முடிஞ்சிடும்."

அது பக்தி இல்லை, பெருந்தன்மையும் இல்லை. வசந்தினி அக்கா அடுத்த நாள் இன்னும் ஒரு சட்டைத் துணி கொண்டு வந்தார். வேதக்காரப் பிள்ளை வைரவருக்கு லைற் கொடுக்கிறது என்று ஒழுங்கையில் கதையாம். அக்கா அளவெடுத்தாள்.

அடுத்த பில் வந்தபோது பரமலிங்கம் ஐயா மீற்றருக்கு முன்னால் வந்து நின்றார். அக்கா இலக்கத்தை வாசித்தாள், அவர் எழுதினார், நான் கழித்தேன். முந்தின மாதத்தின் பாதிகூட இல்லை. மெசின் இரண்டும் முந்தியதைவிட அதிகம் ஓடிய மாதம் அது.

"அப்ப இவ்வளவு காலமும்..." என்று தொடங்கிய பரமலிங்கம் ஐயா அதை முடிக்கவில்லை. பில்லை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். "ஸ்ரெல்லா, வாடகையையும் ஒருக்காப் பாக்கவேணும். சாமான் விலையெல்லாம் எங்கையோ போட்டுது."

அவர் வாடகையில் கூட்டித் தரக் கேட்ட தொகை, கரண்டில் குறைந்ததற்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"கூட்டுறதெண்டா நல்லூர்த் தேர் முடியட்டும், ஐயா. கேட்டதிலை பாதி. பிறகு ஒரு வருசத்துக்குக் கூட்டப்படாது. அதை எழுதித் தாங்கோ."

"பாதி காணாது, பிள்ளை."

"அப்ப கனடாக்காரரை வரச் சொல்லுங்கோ. அவை மூண்டு கிழமை இருந்திட்டுப் போவினம். மற்ற மாதங்களுக்கு ஆர் இந்த வளவைக் கூட்டுறது?"

அவர் வளவைப் பார்த்தார். மாவிலை நிறைய விழுந்து கிடந்தது.

"சரி. பாதி," என்றார். பேனை அவர் கையிலேயே இருந்தது. எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கடைசியிலை அவர்தானே வெண்டவர்," என்றேன்.

"வாடகை எண்டு கேட்டார். நான் பேசிக் குறைச்சன். பேசலாம் எண்டுதானே கேட்டது. யன்னலுக்குள்ளை செருகின தாளோடை என்னத்தைப் பேசுறது?" அவள் கடதாசியை மெசின் மேசையின் லாச்சிக்குள் வைத்தாள். "இப்ப கூடினது உன்ரை பங்கு. தேர் முடியிறதுக்குள்ளை ஒரு வேலை பார். இரவோ பகலோ, அது எனக்குத் தேவையில்லை."

பார்க்கிறேன் என்றேன். அவள் மெசினை மிதித்துவிட்டாள், அதனால் கேட்டிருக்காது.